வெல்டு வைத்த கதவு

அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒளித்து வைத்துக் கதை சொல்வதில் பயனில்லை. ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். நாலாவது முறை மனைவியைப் பார்க்கச் சொல்வார். ஏணியில் இரண்டு படி ஏறினாலே பிள்ளைகுட்டிகளின் முகம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது என்பார். இத்தனைக்கும் இருப்பது ஒரே ஒரு மகள். இருபத்தெட்டு வருஷமாக நெருப்போடு வேலை பார்க்கிற மனிதருக்கு இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு மனைவி ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "பயந்ததாலதான் பத்து விரலும் இன்னும் இருக்கு."

ஊரில் அவருக்கு வெல்டர் என்றுதான் பெயர். சிமெண்ட் ஆலை ஓடிய காலத்தில் அங்கே இருந்தார். ஆலை மூடியபின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடை போட்டார். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, உடைந்த ஆஸ்பத்திரிக் கட்டில், எது வந்தாலும் செய்வார். அவர் கைபட்டுப் போன பொருள் விட்டுப்போய்த் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. விட்டுவிடுமோ என்று பயந்து பயந்தே ஒரு சுற்று கூடுதலாக வெல்டு வைப்பார். பயந்தவன் வேலை அப்படித்தான் இருக்கும்.

அந்த ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. ஆலை மூடியதும் எக்ஸ்பிரஸ் ரயில் அங்கே நிற்காமல் போனது. அடுத்து பெரிய ஆஸ்பத்திரியைத் தலைநகருக்கு மாற்றினார்கள். படித்த பிள்ளைகள் அதே தலைநகருக்குப் போய், மூன்றாம் மாதமே அம்மாவிடம் போனில் அந்த ஊர்ப் பேச்சைப் பேசினார்கள். மேட்டு ஊர்க்காரர்கள் வார்த்தையின் கடைசியை இழுத்துப் பேசுவார்கள். வெளியே போய் வாய் திறந்தால் எதிரே நிற்பவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வான். அதனால் ஆபீஸிலும் கடையிலும் வார்த்தையைச் சுருக்கிப் பேசப் பழகியிருந்தார்கள். எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து, கூச்சமில்லாமல், இழுத்து இழுத்துச் சொந்தப் பேச்சில் கத்துகிற இடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. கால்பந்து மைதானத்தின் வடக்கு கேலரி.

தலைநகர அணியின் ரசிகர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் தூசி. சிமெண்ட் தூசியில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று கேலி. மேட்டு ஊர் அந்தக் கேலியைப் பிடுங்கித் தன் தலையில் சூடிக்கொண்டது. ஆலை மூடிய வருஷம் வீட்டுக்கு ஒரு வேலைச்சட்டை வாங்கி, வெட்டித் தைத்து, பதினெட்டு மீட்டரில் ஒரு கொடி செய்தார்கள். அதில் மஞ்சள் எழுத்தில், "தூசிதான். கண்ணில் விழுவோம்." போட்டி நடக்கும்போது அந்தக் கொடியை கேலரிக்கு முன்னால் இருக்கும் கம்பி வேலியில் கட்டுவார்கள். இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வலது முனை வெல்டரின் மகளுடையது. வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் காதுக்கு பிரேம் அளவு பார்க்கிற பெண், போட்டி நாளில் அந்தத் துணியின் முனையைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நிற்பாள்.

ரசிகர் மன்றங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, மீறியவரும் இல்லை. கொடி எதிரணி ரசிகர் கைக்குப் போய்விட்டால் அந்த மன்றம் கலைய வேண்டும். அதன் பிறகு பாட்டும் இல்லை, மேளமும் இல்லை. இருபது வருஷத்து மன்றமானாலும் அன்றோடு முடிந்தது. வெளியில் இருப்பவனுக்கு இது பைத்தியக்காரத்தனம். அந்த ஊருக்கு அது கடைசியாக மிஞ்சியிருந்த வாய்.

போன வருஷம் கிட்டத்தட்ட அது நடந்தே போனது. கேலரி வேலிக்கு நடுவில், மைதானத்துப் பக்கம் திறக்கிற ஒரு கம்பிக் கதவு இருக்கிறது. வெல்டர்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செய்து கொடுத்தார். தலைநகரப் பையன்கள் நாலு பேர் அதன் தாழ்ப்பாளை ஆட்டி உடைத்து உள்ளே வந்து கொடியின் ஒரு மூலையைப் பிடித்துவிட்டார்கள். மூலை கிழிந்ததே தவிர கொடி போகவில்லை. இந்த வருஷம் மறுபடி தலைநகர அணி வருகிறது என்றதும் மன்றம் கூடியது.

மன்றத்தின் தலைவர் தபால் ஆபீஸ் கிளார்க். கவுண்டரில் உட்கார்ந்தால் குரல் வெளியே வராது; தபால்தலை கேட்டால் ரகசியம் சொல்வது போல விலை சொல்வார். போட்டி நாளில் அதே தொண்டைதான் நாலாயிரம் பேரைப் பாட வைக்கும். அவருக்கு ஒலிபெருக்கி என்று பட்டப்பெயர்.

"தாழ்ப்பாள் போட்டா உடைக்கிறான், செயின் போட்டா அறுக்கிறான்," என்றார் ஒலிபெருக்கி. "கதவே வேண்டாம். வெல்டு வச்சு மூடிடலாம். வெல்டரண்ணே, என்ன சொல்றீங்க?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அப்படிப் பார்க்கப்பட்டுப் பழக்கமில்லை. மகளும் பார்த்தாள். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அங்கேதான் தவறு நடந்தது என்று பின்னால் ஆயிரம் முறை நினைத்துக்கொண்டார்.

"நான் வச்சா யானை வந்து முட்டினாலும் விடாது," என்றார்.

திங்கட்கிழமை காலையில் போய் வேலையை முடித்தார். கதவுக்கும் தூணுக்கும் நடுவே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, மூன்று இடத்தில் விரல் நீளத்துக்கு வெல்டு. வழக்கம் போல ஒரு சுற்று கூடுதல். ஆறியதும் மைதானத்துப் பக்கம் நின்று தோளால் முட்டிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது. திருப்தியாக ஒயரைச் சுருட்டிக்கொண்டே தற்செயலாக மேலே பார்த்தார்.

வாழ்நாளெல்லாம் அவர் கேலரியிலிருந்து மைதானத்தைப் பார்த்தவர். கதவு மாட்டிய அன்றுகூட மைதானத்திலிருந்து நிமிர்ந்து கேலரியைப் பார்த்ததில்லை. நாற்பது சிமெண்டுப் படிகள். உட்கார நாற்காலி கிடையாது, குறுக்கே தடுப்பும் கிடையாது. வெளியே போக உச்சியில் இரண்டு குறுகலான மாடிப்படிகள். நாற்பது படியும் சரிந்து சரிந்து வந்து முடிகிற இடம் இந்த வேலி. வேலியில் இருந்த ஒரே வாசலை அவர் இப்போதுதான் மூடியிருக்கிறார்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியும். அதற்கு இறக்கம் என்று பெயர். ஆலையில் ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதினால் ஆட்கள் மேட்டிலிருந்து வீட்டைப் பார்த்து ஓடுவார்கள். ஆலை போனபின் அந்த ஓட்டம் கேலரிக்கு வந்தது. நம் அணி கோல் போட்டால் ஒலிபெருக்கி சங்கு மாதிரி கத்துவார், நாற்பது படி ஜனமும் ஒரே நேரத்தில் கீழே இறங்கி ஓடும். மற்ற நாளில் பரவாயில்லை, ஆயிரம் பேர் இருப்பார்கள், கதவைத் திறந்து பத்து இருபது பேரை மைதானத்து ஓரத்துக்கு விட்டுவிடுவார்கள். தலைநகர அணி வருகிற அன்று நாலாயிரம் பேர். வேலியோடு ஒட்டி, கதவுக்கு நேராக, கொடியின் வலது முனையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் மகள்.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் கடையிலிருந்து வந்ததும் மெல்ல ஆரம்பித்தார்.

"கண்ணு, இந்த ஞாயித்துக்கிழமை வேற யாராவது கொடி பிடிச்சா என்ன?"

"ஏம்பா?"

"இல்ல, வெயில் ஜாஸ்தி."

அவள் சிரித்தாள். "கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பா வச்ச வெல்டு, இனிமே ஒருத்தன் கொடியத் தொட முடியாதுன்னு."

மகள் அவரைப் பெருமையாகப் பார்த்தது அவருக்கு ஞாபகம் தெரிந்து அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வையைத் தானே ஊதி அணைப்பதற்கு அவருக்கு மனசு வரவில்லை. மனிதன் எதற்கெல்லாம் உயிரைப் பணயம் வைக்கிறான் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை தபால் ஆபீஸுக்குப் போனார். வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர், எட்டுப் பேரும் கேலரி ஆட்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி தலையைத் தூக்கி, "என்னண்ணே?" என்று கிசுகிசுத்தார்.

"அந்தக் கதவு விஷயம்... ஏதாவது அவசரம்னா..."

"நமக்கு என்னண்ணே அவசரம்? அவசரமெல்லாம் அவனுங்களுக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "வெல்டருக்கு அவர் வெல்டு மேலயே பயம் வந்துடுச்சு," என்று ஒரு குரல். அவரும் சிரித்துவைத்தார். ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யாருக்குக் கடிதம் போடுவது என்று அவருக்கே தெரியவில்லை.

புதன்கிழமையிலிருந்து கடையில் ஒரு விசித்திரமான வேலை நடந்தது. கதவில் இருக்கும் அதே கனத்து ஆங்கிள் இரும்பை எடுத்து, அதே மாதிரி வெல்டு வைத்தார். ஆறியதும் ஹாக்ஸா பிளேடால் முக்கால்வாசி அறுத்தார். ஒரு குழாயைச் சொருகி, அதில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் விட்டால் தொங்கினாலும் குதித்தாலும் அசையவில்லை. விரல் அகலத்தில் கால்வாசி விட்டால் தொட்டதும் போனது. அரை விரல் விட்டால் தொங்கினால் நின்றது, நாலைந்து முறை குதித்தால் முறிந்தது. பத்துப் பேர் தள்ளினால் நிற்க வேண்டும், நூறு பேர் தள்ளினால் போக வேண்டும். வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கதவு, உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு வழி. வாழ்க்கையில் விடாத வெல்டையே வைத்த கை, விடுகிற வெல்டை அளந்து கற்றுக்கொண்டது.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போட்டுவிட்டு வரும் வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கணவர் ஒரு குழாயில் தொங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை இது?"

"ஆர்டர்."

"தொங்கறதுக்கா?"

அவர் கீழே இறங்கிக் குழாயை உருவினார். முகத்தில் ஈயாடாமல் நிற்கிற மனிதரை நோண்டுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மைதானத்துக்குப் போனார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். அறுபது வயது. தலைநகரத்தில் பிறந்தவர், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இன்னும் வாயைத் திறந்தால் அந்த ஊர்தான்.

"என்ன தம்பி, இவ்வளவு சீக்கிரம்?"

"வெல்டு சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடறேண்ணே."

"பாரு, பாரு. உன்னைப் பத்தித் தெரியாதா." வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே கோடு போடுகிறவர்களுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

கிரைண்டர் சத்தம் போடும் என்பதால் ஹாக்ஸாவோடுதான் வந்திருந்தார். முழங்காலிட்டு அறுத்தார். கை நடுங்கியதில் பிளேடு இரண்டு முறை தடம் மாறியது. பறவை கத்தினால் நிறுத்தினார், எங்கோ வாளி உருண்டால் நிறுத்தினார். மேல் வெல்டு, நடு வெல்டு, இரண்டிலும் அரை விரல் விட்டார். கீழ் வெல்டை அறுத்து முடிக்கும்போது பிளேடு முறிந்து, ஒரு துண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது. நகத்தால் நோண்டிப் பார்த்தார், வரவில்லை. கீறல் தெரியாமலிருக்க மூன்றிலும் கிரீஸையும் மண்ணையும் அப்பிவிட்டு எழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செய்தது சரியா தப்பா என்று யாரிடமாவது கேட்டால் தேவலை என்றிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை.

வழக்கமாக அவர் கேலரியின் உச்சியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்பார். அன்றும் அங்கேதான் நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்து மகள் ஒரு மஞ்சள் சட்டை, ஒரு கறுப்புத் தலை. எதிர் கேலரியில் தலைநகரத்துக்காரர்கள் இவர்கள் பேச்சை இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினார்கள். வடக்கு கேலரி அதைவிட இழுத்துத் திருப்பிப் பாடியது. ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, தன் அணி கோல் போடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றார். அந்த நினைப்பே அவருக்குத் துரோகமாகப் பட்டது, ஆனாலும் வேண்டிக்கொண்டார்.

முதல் பாதியிலேயே கோல் விழுந்தது. ஒலிபெருக்கி கத்தினார். காலடியில் படி அதிர்ந்தது. ஜனம் மலை சரிவது போலக் கீழே போனது. வேலி வெளியே வளைவதை அவர் பார்த்தார். கதவு நின்றது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. மஞ்சள் சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது, உடனே அடுத்த பயமும் வந்தது. இவ்வளவு பேர் விழுந்தும் போகவில்லையே, அதிகமாக விட்டுவிட்டோமோ. அரை விரல் என்பது அரை விரல்தானா, கை நடுங்கியதில் முக்கால் விரலாகிவிட்டதா. கீழே போய்ச் சொல்லலாமென்று நாலு படி இறங்கினார். அதற்கு மேல் ஊசி நுழைய இடமில்லை.

தலைநகரம் ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் மேட்டு ஊர் இரண்டாவதைப் போட்டது.

இந்த முறை உச்சியில் நின்றவர்களும் ஓடினார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவர்கள் கூட ஓடினார்கள். அவரை ஒரு தோள் இடித்துச் சுவரோடு சாய்த்தது. எழுந்து பார்த்தபோது கீழ்ப்படிகளில் தலைகள்தான் இருந்தன, தலைக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி இல்லை. மேலே இருப்பவர்கள் பாடிக்கொண்டே தள்ளினார்கள். மஞ்சள் சட்டையைக் காணவில்லை. அவர் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நாலாயிரம் பேர் பாட்டில் அது அவர் காதுக்கே எட்டவில்லை. ஈரக்குலை நடுங்குகிறது என்பார்கள். அது வெறும் பேச்சில்லை, விலா எலும்புக்கு அடியில் நிஜமாகவே ஒன்று நடுங்குகிறது.

படார் என்று ஒரு சத்தம். கதவு மைதானத்துப் பக்கம் போய் விழுந்தது. அதன் வழியாக முப்பது நாற்பது பேர் புல்லில் கொட்டினார்கள். ஒருவர் மேல் ஒருவராக உருண்டு, எழுந்து, சிரித்து, கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் சட்டை புல்லில் முழங்காலிட்டிருந்தது. அசைந்தது. அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் மற்றது நடந்தது. போலீஸ் இந்தப் பக்கம் ஓடி வர, எதிர் கேலரியில் இருபது பேர் வேலி தாண்டிக் குதித்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து, வாசல் இருந்த ஓட்டை வழியாக வந்து கொடியைப் பிடுங்கினார்கள். மகளின் கையில் முனை சுற்றியிருந்தது. நாலு அடி இழுபட்டுப் போனாள். பிறகு துணி அவள் கையிலிருந்து நழுவியது. பதினெட்டு மீட்டரும் பாம்பு மாதிரி புல்லில் ஓடிப்போனதை வடக்கு கேலரி முழுவதும் நின்று பார்த்தது. அன்றைக்கு வென்றது அவர்கள் அணிதான். அதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மன்றத்துக் கூடத்தில் நிற்க இடமில்லை. பெயர்த்தெடுத்த கதவை இரண்டு பெஞ்சுக்கு மேல் கிடத்தியிருந்தார்கள்.

"வெல்டரண்ணே, நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்றார் ஒலிபெருக்கி. "இது தானா விட்டதா, இல்ல யாராவது கை வச்சாங்களா?"

தன் வெல்டுதான் சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் ஆலையில் கிரேன் ஓட்டிய பெரியவர் குனிந்து பார்த்துவிட்டார். "இதுக்கு வெல்டர் எதுக்கு? பிளேடு போன தடம் பளபளன்னு தெரியுதே."

"கேட் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூடம் முழுக்க வாட்ச்மேன் பக்கம் திரும்பியது. அவர் சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் அறுக்கல," என்றார். அதைத் தலைநகரப் பேச்சில்தான் அவரால் சொல்ல முடிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

"வாயத் தொறந்தாலே தெரியுதே யாரு ஆளுன்னு."

"காலைல உள்ள யார் வந்தாங்க? சொல்லுய்யா."

வாட்ச்மேன் வெல்டரை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "கோடு போடறவங்க வந்தாங்க. வேற யாரும் ஞாபகம் இல்ல."

அதுவரை வெல்டருக்கு இருந்த பயம், இந்த மனிதர் சொல்லிவிடுவாரோ என்பது. இப்போது வந்த பயம் வேறு. இந்த மனிதர் சொல்லப் போவதில்லை. இரண்டு பேர் போய்க் கூடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். முன்வரிசையிலிருந்து அவர் மகள் எழுந்தாள். முழுக்கைச் சட்டை, வீங்கிய கண்.

"அவரை விடாதீங்க," என்றாள். "துணி என் கையிலேருந்து போச்சு. எனக்குத் தெரியணும்."

வெல்டர் எழுந்து நின்றார். "நான்தான்," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. "நான்தான் அறுத்தேன்," என்று மறுபடி சொன்னார்.

முதலில் சிலர் சிரித்தார்கள். யாரைக் காப்பாற்ற இந்தத் தொடைநடுங்கி இப்படிப் பொய் சொல்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

"மூணுலயும் அரை விரல் விட்டேன். கீழ் வெல்டுல பிளேடு முறிஞ்சு உள்ளயே இருக்கு. பாருங்க."

கிரேன் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார். "இருக்கு," என்றார்.

"ஏன்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பயமா இருந்துச்சு. ஆள் நசுங்கிடுவாங்கன்னு."

"யார் நசுங்கினா? ஒரு பேர் சொல்லு பாப்போம்."

அவரிடம் பெயர் இல்லை. அதுதான் இதில் உள்ள அநியாயம். செத்திருந்தால் ஊரே கூடி அழுது, அந்தக் கதவை யார் மூடச் சொன்னது என்று கேட்டிருக்கும். சாகாதவர்களை யாரும் எண்ணுவதில்லை. அவர்களில் பாதிப் பேர் அந்தக் கூடத்திலேயே நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கத்துவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் தபால் ஆபீஸ் குரலில், பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கும்படி, "போங்கண்ணே. இனிமே கேலரிக்கு வராதீங்க," என்றார். தாழ்ப்பாளைத் திறந்தார்கள். மகள் அவரைத் தாண்டி முதலில் வெளியே போனாள். கடைத்தெருவில் யாரோ ஒருவரைத் தாண்டிப் போவது போலப் போனாள். அன்றைக்கே சித்தி வீட்டுக்குத் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மன்றம் கலைந்தது. அவர் கடைமேல் வந்து விழப்போகும் கல்லுக்குக் காத்திருந்தார். கடையில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தே வேலை பார்த்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் மெதுவானால் சிலிண்டருக்குப் பின்னால் நகர்ந்துகொள்வார், பிறகு சிலிண்டருக்குப் பின்னாலா ஒளிவது என்று தோன்றி வேறு பக்கம் நகர்வார். கல் வரவில்லை. ஜன்னல் கம்பிக்கு ஆர்டர் கொடுத்தவர் பாதி முடிந்ததை வந்து தூக்கிக்கொண்டு போனார். பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று வெல்டர் சொல்லும்போதே வண்டியைக் கிளப்பிவிட்டார். தெருவில் எதிரே வருகிறவர்கள் அவரைப் பார்ப்பதும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. அங்கே ஆள் இருப்பதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. கல்லே வந்திருக்கலாம் என்று நினைக்கும் அளவுக்கு அது பயமாக இருந்தது. வாட்ச்மேன் மட்டும் ஒரு நாள் வந்து டீ வாங்கி வைத்துவிட்டுப் போனார்.

"நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும்," என்று மனைவி ஒரு நாள் சொன்னாள். "ஆனா அவகிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன். அதை அவளே வந்து சொல்லணும்."

"வரலைன்னா?"

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள்.

பதினோராம் நாள் மத்தியானம், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு கால் வந்து நின்றது. மோட்டார் சைக்கிள் எதுவும் இல்லை. மகள் குனிந்து உள்ளே வந்தாள். அதே முழுக்கைச் சட்டை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

அவள் வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்தாள். பிறகு காலரை விலக்கிக் கழுத்துக்குக் கீழே காட்டினாள். முன்கையில் இரண்டு பட்டை, தோளெலும்புக்கு அடியில் இரண்டு. ஓரம் மஞ்சளாகி, நடுவில் இன்னும் கறுப்பாக, நேராக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதவுக் கம்பிகளுக்கு இடைவெளி வைத்தது அவர் கைதான்.

"கதவுக்கு நேரா நான்தான் நின்னேன்," என்றாள். "பின்னாடியிருந்து வந்துட்டே இருந்தாங்க. கையை மேல எடுக்க முடியல. மூச்சு வெளிய போச்சு, உள்ள வரல. கத்தினேன்பா. பக்கத்துல நின்னவங்களுக்கே கேக்கல. எல்லாரும் பாடிட்டிருந்தாங்க."

அவர் ஷட்டரை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கொடியை விட்டதுக்குச் சாக்குன்னு நினைப்பாங்க." சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அழுதாள், கண்ணைத் துடைக்கவில்லை. "கொடி போச்சுப்பா. மன்றம் போச்சு. நேத்து ஆட்டத்துல கேலரில ஒரு சத்தம் இல்ல. எனக்கு உங்க மேல கோபம் போகவே இல்ல. போகுமான்னும் தெரியல."

"போக வேண்டாம்," என்றார் வெல்டர். "நூறு வயசு வரைக்கும் என் மேல கோபமா இரும்மா."